கமலாசனியின் ஓய்வு நாள்

மார்கழி மாதத்து விடியலில் எங்கள் குளக்கட்டைத் தேடினாலும் காணமுடியாது. குளத்திலிருந்து எழும்புகிற பனிமூட்டம் முதலில் கட்டை விழுங்கும். பிறகு கட்டடியில் நிற்கிற மருதமரங்களை இடுப்பளவுக்கு விழுங்கும். கடைசியில் என் கிணற்றடிக்கும் வந்துவிடும். நான் வாளியைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் வருவது சத்தம் மட்டும்தான், ஈரமண்ணில் கால் படுகிற மெத்தென்ற சத்தம். பிறகு வெள்ளைக்குள் ஒரு மங்கல் அசையும். அந்த மங்கல் கிட்ட வர வரக் கமலாசனி ஆகும். புருசனின் பழைய ரீசேட், மகளின் பள்ளிக்கூடத்து நீளக் காற்சட்டை, அவிழத் தொடங்கிய கொண்டை. என்னை நேரே பார்த்துக்கொண்டு, என்னைக் காணாமல் போவாள்.

முதல் சில நாள் எனக்குக் கொதி வந்தது. நான் கனகராயன்குளத்து முன்பள்ளி ரீச்சர். அவள் மகள் யதுர்ஷிகாவுக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கியவள். பக்கத்து வளவுக்காரி வேறு. ஒரு சிரிப்புக்கூடக் கிடையாதா? ஒருநாள் வேலிக்கரையில் மறித்துக் கேட்டே விட்டேன்.

"ஐயோ ரீச்சரக்கா, கோவியாதேங்கோ. ஓடேக்க நான் இஞ்ச இல்லை" என்றாள்.

"இஞ்ச இல்லாட்டி எங்க நிக்கிறாய்?"

அவள் வெட்கப்பட்டாள். வேலிக் கதியாலில் ஓர் இலையைக் கிள்ளிக் கிள்ளித்தான் சொன்னாள். "ஒரு ரோட்டு வரும். கறுத்த ரோட்டு, நடுவில வெள்ளைக் கோடு. எந்த ஊரெண்டு தெரியாது. ரெண்டு பக்கமும் பூக் கொட்டிக் கிடக்கும். பக்கத்தால ரயில் ஒண்டு சத்தமில்லாமல் வரும். சன்னலுக்குள்ள இருக்கிற ஆக்கள் கை காட்டுவினம். நானும் காட்டுவன். சிலவேளை ரயில் பிந்திப்போகும், நான் முன்னுக்குப் போயிடுவன்."

இதைச் சொல்லும்போது நாற்பதைத் தொடப்போகிற அந்த முகம் சின்னப்பிள்ளை முகமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அவளைக் கூப்பிடுவதில்லை. பனிக்குள் இருந்து வந்து பனிக்குள்ளேயே போகிறவளைப் பார்த்தபடி நிற்பேன். கையில் வாளி கனப்பது தெரியாது. எனக்கும் ஏதோவொரு ரோட்டு தெரிவது போல இருக்கும். ஆனால் நான் அதில் நடந்துதான் போவேன், ஓட்டம் எனக்குச் சரிவராது.

அவள் தகப்பன் நடராசா யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்துக்காரர். குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து, காடு வெட்டி, வயலாக்கி, மூத்த பிள்ளைக்குக் கமலாசனி என்று பெயர் வைத்தார். தாமரையில் அமர்ந்திருப்பவள் என்று பொருள். அந்தப் பிள்ளை ஓரிடத்தில் அமர்ந்ததை ஊரில் ஒருவரும் கண்டதில்லை. பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடினாள், மாங்குளம் போய் ஓடினாள், இன்னும் எங்கெங்கோ ஓடியிருப்பாள். அதற்குள் சண்டை வந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் எல்லோரும் கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம். தகப்பன் அதற்கு முன்னமே காய்ச்சலில் போய்விட்டார். தாயும் தம்பி ரஜிதனும் கடற்கரையில் போனார்கள். அவள் தனியே முகாமுக்கு வந்து, அங்கே சுதாகரனைக் கண்டு, ஊர் திரும்பிய பிறகு கலியாணம் செய்தாள். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற கதை. வீட்டுக்கு வீடு இருக்கிறது. நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தால் அடுப்பு எரியாது.

சுதாகரன் நல்ல மனிதர். பேச்சு குறைவு. அவருடைய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம்தான் அவருக்கும் சேர்த்துச் சத்தம் போடும். பெண்சாதியின் ஓட்டத்தைப் பற்றி அவர் நல்லது கெட்டது ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் குளக்கட்டில் மாட்டுவண்டி போன பள்ளங்களையெல்லாம் ஒருநாள் மண் கொட்டி நிரப்பி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா" என்றார்.

அவள் மறுபடி ஓடத் தொடங்கிய கதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் சனசமூக நிலையத்தின் தைப்பொங்கல் விளையாட்டு விழாவில், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஓட்டப்போட்டி என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சனம் சிரிக்க வேண்டும் என்று வைத்த போட்டி அது. நாங்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றோம். விசில் ஊதியதும் கமலாசனி போனாள். நாங்கள் சிரித்து முடிக்க முன்னமே அவள் மைதானத்தின் அந்தத் தொங்கலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசு ஒரு சுடுதண்ணிப் போத்தல். அதை வாங்கும்போது அழுதாள். சுடுதண்ணிப் போத்தலுக்கு ஒருத்தி அழுததை நான் அன்றுதான் கண்டேன்.

அடுத்தநாள் விடியவே குளக்கட்டில் நின்றாள். குளம் நிரம்பி வான் பாய்கிற பக்கம் காட்டுக்கரை, யானை நிற்கும். அதனால் பறவைச் சத்தம் நன்றாக எழும்பும்வரை அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். அப்படியே காலம் முழுவதும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு வில்லங்கமும் வந்திராது. ஆனால் யதுர்ஷிகா போனில் ஒரு செய்தியைக் கண்டுபிடித்தாள். புரட்டாதி மாதம் கிளிநொச்சியில் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டி நடக்கப்போகிறது, பெண்களுக்குப் பத்தாயிரம் மீற்றர் ஓட்டமும் இருக்கிறது. அதைக் கேட்ட அன்று கமலாசனி வீட்டில் சோறு குழைந்துபோனது.

"உண்மையான மைதானம் ரீச்சரக்கா. கோடு போட்ட மைதானம். நான் பத்தாயிரம் ஓடப்போறன்."

வெளிநாட்டு வெள்ளைக்காரி ஒருத்தி யூரியூப்பில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாளாம். மகள் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, தாய் மனப்பாடம் செய்தாள். கிழமைக்குக் கிழமை தூரம் கூடிக்கொண்டே போகும். ஒருநாள் மலையில் ஏறி ஓட வேண்டும். வன்னியில் மலைக்கு எங்கே போவது? கமலாசனி குளக்கட்டின் சரிவில் ஏறினாள், இறங்கினாள், ஏறினாள். மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டுப் பார்த்தன. கிழமையில் ஒருநாள் ஓய்வு. அதற்கு வியாழக்கிழமையை வைத்துக்கொண்டாள்.

இந்த வியாழக்கிழமையில்தான் எல்லாம் பிழைத்தது. ஓய்வு நாள் என்றால் ஓடத் தேவையில்லாத நாள் என்று அவள் விளங்கிக்கொண்டாள். ஓடத் தேவையில்லை என்றால் கையில் நேரம் இருக்கிறது. நேரம் இருந்தால் சும்மா இருப்பாளா? காட்டுக்கரையில் விறகு பொறுக்கிக் கட்டித் தலையில் சுமந்து வருவாள். நெல்லை அவித்து, முற்றத்தில் பரவி, கொதிக்கிற வெயிலில் நின்று காலால் துழாவுவாள். கச்சான் கடலைத் தோட்டத்துக்குள் இறங்கிக் குந்தியிருந்து களை பிடுங்குவாள். வீட்டிலுள்ள போர்வையெல்லாம் வாய்க்காலில் அடித்துத் தோய்ப்பாள். "ஓய்வு நாள் எண்டொண்டு வந்தது நல்லதாப் போச்சு ரீச்சரக்கா, தேங்கின வேலையெல்லாம் முடியுது" என்று சந்தோசமாகச் சொல்வாள். எனக்கும் அது பிழையாகப் படவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் பட்டிருக்காது.

மாசி முடிகிற நேரம் வலதுகாலில், முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் நோவு தொடங்கியது. நோவெண்ணெய் பூசினாள். துணி சுற்றினாள். ஆனால் வெள்ளைக்காரி சொன்ன தூரத்தில் ஒரு முழமும் குறைக்கமாட்டேன் என்று நின்றாள். "குறைச்சா புரட்டாதிக்குள்ள ஏலாது" என்பாள். நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் சிரித்தாள்.

ஒரு விடியற்காலை சத்தம் மாறி வந்தது. ஒரு கால் கனமாகவும் ஒரு கால் இலேசாகவும் விழுந்தது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், மருதமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறாள். அன்றைக்குத்தான் அவள் என்னைக் கண்டாள். "ரோட்டு வரேல்லை ரீச்சரக்கா" என்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

வவுனியா ஆசுப்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்றே எடுத்தார்கள். எலும்பு இன்னும் வெடிக்கவில்லை, ஆனால் வெடிக்கிற கரைக்கு வந்துவிட்டது என்று சொல்லி, உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுக்கிற பிள்ளையிடம் அனுப்பினார் டொக்டர். அந்தப் பிள்ளையின் பெயர் பிறின்சி. கொக்கிளாய்ப் பெட்டை. கழுத்தில் சின்னச் சிலுவை, பேச்சு கடற்காற்று வேகம். கமலாசனியின் காலை அமத்தி அமத்திப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கிழமையில ஓய்வு நாள் வைச்சிருக்கிறீங்களோ அக்கா?"

"ஓம். வியாழக்கிழமை."

"நல்லம். அண்டைக்கு என்ன செய்யிறனீங்கள்?"

"அண்டைக்கு நெல் அவிப்பன்."

"பிறகு?"

"விறகுக்குப் போவன். பிறகு கச்சானுக்கை இறங்குவன். போர்வை கிடந்தாத் தோய்ப்பன்."

பிறின்சி என் பக்கம் திரும்பினாள். "இவா பகிடி விடுறாவோ?"

"இல்லைப் பிள்ளை. உண்மையைத்தான் சொல்லுறா" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கமலாசனியின் முழங்காலில் கையை வைத்தாள். "அக்கா, உங்கட கால் ஓடின நாளால நோகேல்லை. ஓடாத நாளாலதான் நொந்தது. விறகு சுமக்கிறதும் வெயிலுக்க நிக்கிறதும் காலுக்கு ஓட்டக் கணக்குத்தான். அந்த வெள்ளைக்காரி நெல் அவிக்கிறேல்லை."

"அப்ப புரட்டாதி?"

"பத்தாயிரம் ஓடுவன் எண்டு முடிவெடுத்தது நீங்கள். காலைக் கேட்டனீங்களோ? இப்ப ஆறு கிழமைக்கு ஓட்டமே இல்லை. பிறகு நடவுங்கோ. பிறகு கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம். நோகேல்லை எண்டாத்தான் கூட்டலாம். இந்த வருசம் ஐயாயிரம். பத்தாயிரத்தை வாற வருசம் பாப்பம், கால் சம்மதிச்சா."

கமலாசனி தலையை ஆட்டினாள். பத்தாயிரம் போனதில் அவளுக்குக் கவலைதான், ஆனால் தாங்கிக்கொண்டாள்.

"அதோட ஓய்வு நாளில மத்தியானம் காலை உயத்தி வைச்சுப் படுக்கோணும். வேலையைக் குறையுங்கோ எண்டு சொன்னா நீங்கள் குறைக்கமாட்டீங்கள். படுத்தாத்தான் கை கால் சும்மா கிடக்கும். நித்திரை வந்தா நித்திரை கொள்ளுங்கோ."

"பகலிலயோ?"

"பகலிலதான். இல்லையெண்டா எலும்பு வெடிக்கும். வெடிச்சா ஓட்டத்தை மறக்க வேண்டியதுதான்."

அப்போதுதான் அவள் முகம் சுருங்கியது. வேலை கிடக்கிறதே என்ற கவலை என்று நான் நினைத்தேன். பஸ்ஸில் சன்னலோரம் இருந்து, ஏ ஒன்பது ரோட்டின் வெள்ளைக் கோடு பின்னால் போவதைப் பார்த்தபடியே வந்தாள். புளியங்குளம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்: "ஓட்டம் இல்லாட்டி நான் எங்க போறது, ரீச்சரக்கா?" நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் வியாழக்கிழமை வேலையைத் தகப்பனும் மகளும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். சுதாகரன் நெல் அவித்தார். ஊர் முழுக்க அடிப்பிடித்த மணம் வந்தது. கமலாசனி விறாந்தையில் பாயைப் போட்டு, காலுக்குத் தலையணை வைத்துப் படுத்தாள். படுத்ததும் எழும்பினாள். கோழி நெல்லைக் கொத்துகிறதாம். மறுபடி படுத்தாள். மாடு கத்துகிறதாம். கோழியைக் கூட்டில் அடைத்தார்கள், மாட்டை அவிழ்த்து விட்டார்கள். அதற்குப் பிறகு காற்று அடிக்கிறது என்று எழும்பினாள். காற்றுக்கும் உனக்கும் என்னடி என்று நான் வேலிக்கு இப்பால் நின்று கத்தினேன்.

எங்கள் ஊரில் ஒரு பெண் பகலில் பாய் விரித்துப் படுத்தால், ஒன்றில் காய்ச்சல், இல்லாவிட்டால் வயிற்றில் பிள்ளை. என் வீட்டுக்காரர் மத்தியானச் சோறு தொண்டையில் இறங்க முன்னமே கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிடுவார். அவருக்கு என்ன வருத்தம் என்று ஒருவரும் வந்து கேட்டதில்லை. கமலாசனி படுத்த இரண்டாவது வியாழக்கிழமையே நாகேஸ்வரி வந்துவிட்டாள். எங்கள் ஒழுங்கையில் நடப்பதெல்லாம் அவளுக்கு நடக்க முன்னமே தெரியும். மடியில் மாங்காய் கட்டிக்கொண்டு வந்து, பாயோரம் குந்தி, "எத்தினை மாசம்?" என்று காதுக்குள் கேட்டாளாம். அடுத்தநாள் கடையடியில் சுதாகரனுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல், அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாவது வியாழக்கிழமை கமலாசனியை நான் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஆட்கள் வராத உள்ளறையில் பாயைப் போட்டுக் கொடுத்தேன். நல்ல உச்சி வெயில். சன்னலால் விழுந்த வெளிச்சம் நிலத்தில் பாயளவுக்கு இன்னொரு பாய் விரித்திருந்தது. வேம்பு பூத்திருந்த காலம், காற்றோடு அந்த மணமும் உள்ளே வந்தது. இப்படியொரு மத்தியானத்தில் யாருக்கும் கண் சொருகும். இனி ஆறுதலாகப் படு என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன். திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன்.

அவள் குப்புறக் கிடந்தாள். கன்னம் நிலத்தோடு ஒட்டியிருந்தது. முழங்கைகள் விலாவோடு இறுகியிருந்தன. ஒரு கை காதைப் பொத்தியிருந்தது. ஒரு கால் எழும்பி ஓடுவதற்கு மடங்கியபடி இருந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன. அந்தப் படுக்கை எனக்குத் தெரியும். சண்டையின் கடைசி மாதங்களில், ஷெல்லடிக்குள், வன்னியில் இருந்த எவருக்கும் தெரியும். தேத்தண்ணியை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் இருந்தேன்.

"வேலை கிடக்குதெண்டு எழும்பேல்லை என்ன?" என்றேன்.

"இல்லை" என்றாள். அசையாமல் கிடந்துதான் சொன்னாள். "இரவில படுப்பன் ரீச்சரக்கா. பகல் வெளிச்சத்தில படுத்தாக் காது தானா வெளியில போகுது. கடற்கரையில பகல் முழுக்கப் பங்கருக்குள்ள படுத்துத்தானே கிடந்தனாங்கள். அண்டைக்கும் இப்பிடித்தான் வெயில். அம்மாவும் ரஜிதனும் படுத்திருந்தவை. தண்ணி முடிஞ்சுபோச்சு. நான் தண்ணிக் கானைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டன். அம்மா படு பிள்ளை, படு பிள்ளையெண்டு கத்தினவா. நான் கேக்கேல்லை, ஓடினனான். திரும்பி வரேக்க பங்கர் இல்லை."

வெளியே என் வீட்டுக்காரரின் குறட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"படுத்தவை போச்சினம். ஓடின நான் இருக்கிறன். இப்ப ஒண்டும் வராதெண்டு எனக்குத் தெரியும். தலைக்குத் தெரியும். உடம்புக்கு ஆர் சொல்லுறது?"

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இத்தனை வருடம் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறோம், அவள் ஏன் ஓரிடத்தில் இருப்பதில்லை என்று நானும் ஊரோடு சேர்ந்து பகிடி பண்ணியிருக்கிறேன். அவள் எழும்பி, என் முதுகைத் தடவிவிட்டு, ஆறிய தேத்தண்ணியைக் குடித்தாள். பிறகு நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்தக் கால் இப்படியே போனால் வெடிக்கத்தான் போகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பின்னேரம் சுதாகரன் முற்றத்தில் லான்ட்மாஸ்ரரைக் கழுவிக்கொண்டு நின்றார். நான் வேலியடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கவில்லை, எனக்குப் பொறுக்கவில்லை. அவர் குழாயைக் கையில் பிடித்தபடி கேட்டார். தண்ணீர் தன்பாட்டில் அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"தாயும் தம்பியும் செத்தது தெரியும் ரீச்சர்" என்றார் கடைசியில். "படுத்திருக்கேக்க எண்டது தெரியாது."

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் நான் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன். தொம் தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. கமலாசனிதான் ஓடுகிறாள் என்று நினைத்து, ஏசுவதற்கு வாயைத் திறந்துகொண்டு வேலிக்கு மேலால் பார்த்தேன். ஓடியது சுதாகரன். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு, வெறுங்காலோடு, தன் வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். நல்ல தொக்கையான மனிதர். வயிறு ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் போனார். முகம் சிவந்து வியர்வை வழிந்தது. என்னைக் கண்டும் நிற்கவில்லை.

"என்னப்பா, விசரே உமக்கு?" என்று கேட்டேன். அவர் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு மூலை திரும்பிவிட்டார்.

வாசற்படியில் இருந்த யதுர்ஷிகா எழும்பி வேலியடிக்கு வந்தாள். மெல்லிய குரலில் சொன்னாள். "அம்மா படுத்திருக்கிறா ரீச்சர். அப்பா முதல் கதிரையில காவல் இருந்தவர். அம்மாவுக்குச் சரிவரேல்லை. பிறகு எழும்பி நிண்டவர். பிறகு வீட்டைச் சுத்தி நடந்தவர். நடக்கிறது உள்ளுக்குக் கேக்கேல்லையாம். அதுதான் ஓடுறார். ஆரும் ஒராள் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டா அம்மாவுக்குக் காணுமாம்."

நான் அவர்கள் வளவுக்குள் போய்ச் சன்னலால் பார்த்தேன். கமலாசனி மல்லாந்து கிடந்தாள். நொந்த கால் தலையணைக்கு மேலே இருந்தது. காலடிச் சத்தம் சன்னலைக் கடக்கும்போது அவள் இமை கொஞ்சம் அசையும், சத்தம் வீட்டுக்குப் பின்னால் போகும்போது அடங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த அசைவு குறைந்துகொண்டே வந்தது. பிறகு அசையவேயில்லை. வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. காற்றில் வேப்பம்பூ முற்றமெங்கும் உதிர்ந்து கிடந்தது, அதன்மேல் அந்த மனிதர் மூச்சு வாங்கி வாங்கி ஓடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. எந்த ஊரென்று தெரியாத அந்த ரோட்டில் அவள் போய்க்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

நாகேஸ்வரி மாங்காயோடு படலையைத் திறந்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். காதுக்குள் விசயத்தைச் சொன்னேன். ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிற அந்த வாய், சுதாகரன் இரண்டு தரம் சுற்றி வரும்வரை மூடியே இருந்தது. பிறகு அவள் வேலியோரம் குந்தியிருந்து, சத்தமில்லாமல் மூக்கைச் சிந்தினாள்.

கிளிநொச்சியில் புரட்டாதி மாதம் கமலாசனி ஐயாயிரம் ஓடியதும், நாலாவதாக வந்ததும், நோவில்லாமல் வீடு வந்து சேர்ந்ததும் பிறகு நடந்தவை. அதை அவளைக் கேட்டால் அவளே சொல்வாள், சொல்லத் தொடங்கினால் நிறுத்தவும் மாட்டாள். எனக்கு அந்த வியாழக்கிழமைதான் பெரிது.

வெயில் சாய்ந்த பிறகு அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். தலையில் கொண்டை இல்லை, கன்னத்தில் பாயின் வரி. "விடிஞ்சிட்டுதோ?" என்று கேட்டாள். யதுர்ஷிகா சிரித்தாள். சுதாகரன் வாசற்படியில் காலை நீட்டிப்போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கெண்டைக்கால் கட்டையாக இறுகிவிட்டது. எழும்ப முடியவில்லை.

கமலாசனி கீழே இருந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்துப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே ஏசினாள். "முதல் நாளே ஆரும் உவ்வளவு ஓடுறதோ? ஒரு சுத்து ஓடி, ஒரு சுத்து நடந்திருக்கோணும். பிறின்சி கேட்டாப் பேசப்போறா."

"நிப்பாட்டினா நீர் எழும்பிப்போடுவீரெண்டு பயந்தனான்" என்றார் அவர்.

அவள் அவர் காலை மடியிலிருந்து மெதுவாக இறக்கி வைத்தாள். பிறகு, "உள்ளுக்குப் போய்க் காலை உயத்தி வைச்சுப் படுங்கோ" என்றாள்.

"இல்லையப்பா. எனக்கு ஏலாது."

அவர் அதைச் சொன்ன விதத்தில்தான் எனக்குத் தலையில் தட்டினாற் போல இருந்தது. என் வீட்டுக்காரர் படுக்கிறார், கடைக்காரர் படுக்கிறார், ஊரில் இருக்கிற ஆம்பிளைகள் எல்லோரும் மத்தியானத்தில் படுக்கிறார்கள். சுதாகரன் பகலில் படுத்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவரையும் ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

"தெரியும்" என்றாள் கமலாசனி. "படுங்கோ. நான் நிக்கிறன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தூணைப் பிடித்து எழும்பி, நொண்டி நொண்டி உள்ளே போனார். பாய் சரசரக்கிற சத்தம் கேட்டது. அவள் வாசற்படியில் தூணில் சாய்ந்து நின்று, நோவில்லாத இடது காலால், உள்ளே கேட்கும்படி தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.